சித்திரையில் மூண்ட தீ

ஏப்ரல் 14 ஆம் நாள் விடிந்தால் நம் குடியிருப்பு வாயில்களில் மாவிலைத் தோரணம் ஆடும். மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி இலையில் விழும். தெருவின் மறுபுறம் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளுக்காக நீலக் கொடிகள் பறக்கும். அதே நாளில் பைக்குலாவிலுள்ள தீயணைப்புத் தலைமை நிலையத்திலும், இந்நாட்டின் பிற தீயணைப்பு நிலையங்களிலும், சீருடை அணிந்தோர் தலை தாழ்த்தி நிற்பர். அன்று தேசியத் தீயணைப்புப் பணி நாள். அந்த நாளுக்குக் காரணமான தீ மூண்டது வேறெங்குமன்று. நாம் பிழைக்க வந்த இந்தப் பம்பாய் மாநகரின் துறைமுகத்தில்தான். சித்திரையை வரவேற்கும் நாம் அச்செய்தியையும் அறிந்திருத்தல் நன்று.

வீரத்தைப் போற்றுதல் மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. தீயை எதிர்க்கக் கூலி பெற்றோரும் வந்திருக்கின்றனர். கூலி பெறாதோரும் வந்திருக்கின்றனர். இரு சாராருடைய துணிவும் சில வேளை வென்றது; சில வேளை வீணாயிற்று. எங்கே வென்றது, எங்கே வீணாயிற்று, ஏன் என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

முதலில் நம் ஊர்ப்புறத்தை எண்ணிப் பார்ப்போம். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த கூரைகள் நெருங்கி நிற்கும் தெரு. கோடைக் காற்று. ஓர் அடுப்பிலிருந்து பறந்த பொறி ஓலையில் ஒட்டுகிறது. 'தீ! தீ!' என்ற குரல் எழுந்ததும் அழைப்பாரின்றியே ஊர் திரளும். குளத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் குடங்கள் கைமாறும். வலிமையுடையோர் எரியும் வீட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வீட்டின் கூரைமேல் ஏறி ஓலையைப் பிரித்துப் போடுவர். எரிகிற வீட்டை விட்டு எரியாத வீட்டைப் பிரிப்பது புதியவன் கண்ணுக்குப் பைத்தியமாகத் தோன்றலாம். ஆயினும் அதுவே தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. தீக்கு உணவு இல்லையேல் தீ நில்லாது. இன்றைய தீயணைப்புக் கலையும் தீயின் வழியில் இடைவெளி உண்டாக்குதலை ஒரு தலையாய முறையாகக் கொண்டுள்ளது.

இந்த ஊர்ப்படையின் வலிமை குடத்தில் மட்டும் இல்லை. எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பதை ஊரார் அறிந்திருந்தனர் என்பதிலே இருந்தது. மரத்தூணும் மச்சும் உள்ள பழைய வீட்டில் விதைநெல் எந்த அறையில் இருக்கிறது, நடக்க இயலாத பாட்டி எங்கே படுத்திருக்கிறாள், கொல்லைப்புறக் கதவு எப்பக்கம் திறக்கும், தொழுவத்தில் எத்தனை மாடுகள் கட்டப்பட்டுள்ளன என்பவற்றை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் பாட்டியைத் தூக்குவார்; ஒருவர் மாட்டின் கயிற்றை அறுப்பார். அறிவு அனைவருக்கும் பொதுவாயிருந்ததால் துணிவு திசை தவறவில்லை.

பிற நாட்டாரும் இத்தொடக்கத்திலிருந்தே வளர்ந்தனர். அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் 1736 ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் பேரறிஞர் தம் நண்பர்களுடன் கூடித் தீயணைப்புத் தொண்டர் கழகம் ஒன்றை நிறுவினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் செலவிலேயே தோல் வாளிகளும், வீட்டுப் பொருள்களை அள்ளிக் கொணரப் பைகளும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டுமென்பது விதி. கூடிப் பேசித் தீயைப் பற்றித் தாம் கற்றதைப் பகிர்ந்து கொள்வதும் அவர்தம் வழக்கம். வாளியோடு அறிவும் வேண்டுமென்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

ஊர் நகரமாகும்போது இந்நிலை மாறுகிறது. பம்பாயின் வரலாறே அதற்குச் சான்று. 1803 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கோட்டைக்குள் மூண்ட பெருந்தீ, நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த கடைத்தெருக்களையும் வீடுகளையும் பெருமளவில் அழித்தது. அதன்பின் கோட்டைக்கு வெளியே, மாண்ட்வி, மஸ்ஜித் பந்தர் முதலிய பகுதிகளில் மக்கள் குடியேற்றம் பெருகிற்று. தீக்கு அஞ்சிக் குடியேறிய அப்பகுதிகளும் காலப்போக்கில் நெருங்கின. மரச்சட்டங்கள் தாங்கிய மாடிகளும் பண்டகசாலைகளும் அங்கே எழுந்தன. 1855 இல் காவல் துறையின் கீழ்ப் பகுதி நேரத் தீயணைப்புப் பணி ஒன்று தொடங்கிற்று. 1888 ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் தீயினின்று மக்களையும் உடைமையையும் காத்தலை மாநகராட்சியின் கடமையாக்கிற்று. இங்ஙனம் குடம் ஏந்திய அயலானின் இடத்திற்குச் சம்பளம் பெறும் வீரன் வந்தான். அவனிடம் குழாயும் ஏணியும் இருந்தன. ஆயினும் அயலானிடம் இருந்த ஒன்று அவனிடம் இல்லை. உள்ளே இருப்பது என்ன என்பதை அவனுக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதாயிற்று.

சொல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை 1944 காட்டிற்று.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். 'போர்ட் ஸ்டிகைன்' என்னும் ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல், பிப்ரவரி 24 ஆம் நாள் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையினின்று புறப்பட்டுக் கராச்சி வழியாகப் பம்பாய்க்கு வந்தது. அதனுள் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. போர் விமானங்கள் இருந்தன. பொற்கட்டிகளும் இருந்தன. கராச்சியில் பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் ஏற்றப்பட்டன. பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் ஒரே கலத்தில்! வைக்கோற்போரையும் நெருப்பையும் பற்றி வள்ளுவர் கூறிய உவமையை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கப்பல் தலைவர் நெய்ஸ்மித் இச்சரக்கேற்றத்தைக் குறித்துத் தம் மறுப்பைத் தெரிவித்தார். போர்க்காலத் தேவை அம்மறுப்பை விழுங்கிற்று.

ஏப்ரல் 12 ஆம் நாள் கப்பல் விக்டோரியா துறையில் கட்டப்பட்டது. வெடிபொருள் ஏற்றிய கலம் சிவப்புக் கொடி ஏற்றுதல் துறைமுக வழக்கம். இக்கப்பலில் அக்கொடி ஏறவில்லை. 14 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. நண்பகலுக்குப் பின் அருகிலிருந்த கப்பல்களில் இருந்தோர் சிலர் இதிலிருந்து மெல்லிய புகை எழுவதைக் கண்டனர். கண்டவர் எவரும் உரியவரிடம் சொல்லவில்லை. கப்பலில் உள்ளோர் அறிந்திருப்பர் என்று இருந்துவிட்டனர். பிற்பகல் ஏறத்தாழ இரண்டு மணிக்கே இரண்டாம் சரக்கறையில் தீ என்ற கூக்குரல் எழுந்தது.

முதலில் போராடியவர்கள் கப்பலின் மாலுமிகளும் துறையின் தீயணைப்புக் குழுவினருமே. பின்னர் நகரத் தீயணைப்புப் படை வந்தது. முதலில் இரண்டு பம்பு வண்டிகளே வந்தன, நிலைமை தெரிந்தபின் மேலும் வண்டிகள் விரைந்தன. படைத்தலைவர் நார்மன் கூம்ஸ் நேரில் வந்து நின்றார். தொள்ளாயிரம் டன்னுக்கு மேல் தண்ணீர் உள்ளே பாய்ச்சப்பட்டது. எனினும் தீயின் மூலம் எங்கே என்று தெரியவில்லை. கப்பலின் பக்கத்து இரும்புத் தகட்டில் வண்ணம் கொப்புளித்தபோதுதான் உள்ளே வெப்பம் மண்டிய இடம் ஒருவாறு தெரிந்தது. இதில் கொடிய முரண் ஒன்று உண்டு. அந்தச் சரக்கறையில் பஞ்சு கீழே இருந்தது. வெடிபொருள் மேலே இருந்தது. தண்ணீர் ஏற ஏற, எரியும் பஞ்சு மிதந்து வெடிபொருளை நெருங்கிற்று. அணைக்கப் பாய்ச்சிய நீரே அழிவை மேலே தூக்கிற்று.

கரையிலோ கருத்து வேறுபாடு. கப்பலை அங்கேயே மூழ்கடிக்கலாம் என்றார் ஒருவர். கடலுக்கு இழுத்துச் செல்லலாம் என்றார் மற்றொருவர். தொடர்ந்து நீர் பாய்ச்சலாம் என்பது வேறொரு கருத்து. அனைவருக்கும் மேலாக நின்று முடிவு கூற ஒருவரும் இல்லை. கப்பலின் பக்கத்தை வாயுச் சுடரால் அறுத்துத் திறக்க முயன்றனர், கருவி உதவவில்லை. சிவப்புக் கொடி இல்லாமையால், துறையில் வேலை செய்தோரும் பிற கப்பல்களில் இருந்தோரும் வேடிக்கை பார்த்தோரும் தாம் எதன் அருகில் நிற்கிறோம் என்று அறியாமலே நின்றனர். தீயணைப்பு வீரர்கள் வந்த பிறகே உள்ளிருப்பதை அறிந்தனர். அறிந்த பின்னும் குழாயைக் கீழே போடவில்லை. அவர்களைப் போற்ற இதனினும் வேறு சொல் வேண்டுமோ?

மூன்று மணி ஐம்பது நிமிடத்திற்குக் கப்பலை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. பதினாறு நிமிடங்கள் சென்றன. நான்கு மணி ஆறு நிமிடத்திற்குக் கப்பல் பிளந்தது. அரை மணிக்குள் இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தது. ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிம்லாவின் நிலநடுக்கக் கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. 'ஜலபத்மா' என்னும் கப்பலைக் கடலலை தூக்கித் துறைமேடையின்மேல் எறிந்தது. பதின்மூன்று கலங்கள் அழிந்தன. எரியும் பஞ்சுப் பொதிகளும் பழுக்கக் காய்ந்த இரும்பும் வானினின்று மழையாய்ப் பொழிந்தன. 1803 இன் தீக்குப் பின் மக்கள் குடியேறினரே, அந்த மாண்ட்வியும் மஸ்ஜித் பந்தரும் துறைமுகத்தை ஒட்டியே கிடந்தன. அங்கிருந்த பழைய மரக்கட்டடங்கள் பற்றிக்கொண்டன.

இறந்தோர் எண்ணிக்கை எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு வரை பலவாறு கணிக்கப்படுகிறது. ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் வீடிழந்தனர். கப்பல் தலைவர் நெய்ஸ்மித் மாண்டார். தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர் நீத்தனர் என்பதே ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் கணக்கு.

அதன் பின்னரே தொண்டின் மற்றொரு முகம் தோன்றிற்று. தலைசிறந்த வீரர்களை ஒரு நொடியில் இழந்த நகரத்தில் தீ மூன்று நாள் எரிந்தது. அதனை எதிர்த்து எஞ்சிய தீயணைப்பு வீரருடன் படைவீரரும் மாலுமிகளும் நின்றனர். வான் தாக்குதலினின்று மக்களைக் காக்கப் பயிற்சி பெற்றிருந்த தொண்டர்களும் பொதுமக்களும் தோள் கொடுத்தனர். அத்தொண்டர்கள் பகைவனின் குண்டை எதிர்பார்த்துப் பயின்றவர்கள். வந்ததோ நம் துறையிலேயே கிடந்த குண்டு. ஆயினும் பயின்ற கை பயனற்றுப் போகவில்லை. பிறகு எண்ணாயிரம் பேர் ஏழு திங்கள் உழைத்து ஐந்து லட்சம் டன் இடிபாட்டை அகற்றித் துறைமுகத்தை மீண்டும் திறந்தனர். வெடிப்பில் பறந்த பொற்கட்டி ஒன்று கிர்காமில் ஒரு பார்சிப் பெரியவர் வீட்டில் வந்து விழுந்தது. அவர் அதனை உரியவரிடம் ஒப்படைத்தார். நகரம் எரிந்த வேளையில் ஒரு குடிமகனின் நெஞ்சம் கறைபடாமல் இருந்தது.

அரசோ இச்செய்தியை மறைத்தது. போர்க்காலத் தணிக்கை காரணமாக மே மாதம் இரண்டாம் வாரம் வரை விவரம் வெளிவரவில்லை. அதற்கு முன்பே, மறுநாளே, ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி உலகிற்கு அறிவித்துவிட்டது! பகைவன் அறிந்துவிட்டான், நம் மக்களே அறியாதிருந்தனர். கொடி ஏற்றாத கப்பலுக்கும் வாய் திறவாத தணிக்கைக்கும் இடையே உறவு உண்டன்றோ?

அத்தீயணைந்து இரண்டு ஆண்டுகள் கடந்தபின், 1946 டிசம்பர் 6 ஆம் நாள், மொரார்ஜி தேசாய் அவர்களின் முயற்சியால் இதே பம்பாயில் ஊர்க்காவல் படை தோன்றிற்று. குடிமக்கள் தம் தொழிலை விடாமலே பயிற்சி பெற்று, இடர் நேரும்போது தொண்டு செய்யும் அமைப்பு அது. பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1968 இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. குடமேந்திய பழைய அயலானை நகரம் மீண்டும் தேடிற்று. இம்முறை அவனுக்குப் பயிற்சியும் தந்து அழைத்தது.

எனினும் பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதா? நம் தாய்த் தமிழகத்தையே பார்ப்போம். 2004 ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சத்துணவுச் சமையலறையின் ஓலைக் கூரையில் பற்றிய தீ, மாடியில் ஓலை வேய்ந்திருந்த வகுப்பறைக்குத் தாவிற்று. ஏறி இறங்கக் குறுகிய வழியே இருந்தது. அண்டை அயலார் ஓடிவந்தனர். கையில் கிடைத்ததைக் கொண்டு போராடினர். இயன்ற மட்டும் பிள்ளைகளை மீட்டனர். ஆயினும் 94 குழந்தைகள் மாண்டனர். வந்தவர்களிடம் அன்பு குறைவா? துணிவு குறைவா? இரண்டும் இல்லை. ஓலைக் கூரையின் கீழ் அத்தனை குழந்தைகள் அடைந்திருப்பதும், வெளியேற வழி குறுகியிருப்பதும் தீக்கு முன்னரே கண்ணால் காணக்கூடியவை. அன்று எவரேனும் உரத்துச் சொல்லியிருந்தால், சொன்னதை உரியவர் கேட்டிருந்தால், அந்தக் காலையில் அயலார் கண்ணீர் சிந்த வேண்டியிருந்திராது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பள்ளிகளினின்று ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009 இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீப் பாதுகாப்பு விதிகளை வலியுறுத்திற்று. இவை அனைத்தும் பின்னர் வந்த அறிவு.

மும்பையிலும் 2015 மே 9 ஆம் நாள் கால்பாதேவியில் 'கோகுல் நிவாஸ்' என்னும் பழைய கட்டடம் தீப்பற்றிற்று. தீயை எதிர்த்துச் சென்ற அதிகாரிகள் உள்ளிருக்கையில் கட்டடம் சரிந்தது. சஞ்சய் ராணே, மகேந்திர தேசாய் என்னும் இருவர் அன்றே உயிர் துறந்தனர். துணைத் தலைவர் சுதீர் அமீனும், மாநகரத் தீயணைப்புத் தலைவர் சுனில் நேசரிக்கரும் பின்னர் மருத்துவமனையில் மறைந்தனர். பழங்கட்டடத்தின் இயல்பு இதுவே. வெளியே சுவர் நிற்கும்; உள்ளே அதனைத் தாங்கும் மரம் எரிந்து கரியாகியிருக்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வெளியிலிருந்து காண இயலாது. 1944 இல் கூம்ஸ் கப்பலருகே நின்றதுபோல், 2015 இலும் தலைவரே முன்னின்றார். பம்பாய்த் தீயணைப்புப் படையின் மரபு மாறவில்லை. நம் கட்டடங்களும் நம் பழக்கங்களும் மாறினவா என்பதே கேள்வி.

விக்ரோலி வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1944 இல் விக்ரோலி நகர எல்லைக்கு வெளியே கிடந்த சிற்றூர். ஒருபுறம் உப்பளமும் ஓதநீரும், மறுபுறம் குன்றும் காடும். 1902 முதல் இரும்புப் பெட்டகங்கள் செய்துவந்த கோத்ரெஜ் நிறுவனம் 1940களில் இங்கு நிலம் பெற்றது. பின்னர் இங்கே தொழிற்சாலைகளை எழுப்பிற்று. தீயிலும் உள்ளிருப்பதைக் காக்க வேண்டும் என்பது பெட்டகத் தொழிலின் அடிப்படை. அத்தொழிலால் வளர்ந்த ஊரில் வாழும் நாம், பெட்டகத்தினும் அரிய நம் பிள்ளைகள் உறங்கும் வீட்டிற்கு அந்த எண்ணத்தைச் செலுத்தியிருக்கிறோமா? வீட்டு வசதி வாரியம் எழுப்பிய கண்ணம்வார் நகர், தாகூர் நகர்க் கட்டடங்களிலே பழையன முதுமை எய்திவிட்டன. சில இடிக்கப்பட்டு, வானுயர்ந்த மாடிகள் எழுகின்றன. பழைய கட்டடத்தில் பழுதுற்ற மின்கம்பி. புதிய மாடியில் பூட்டிக் கிடக்கும் படிக்கட்டு. இரண்டுமே சிவப்புக் கொடி ஏற்றாத கப்பல்கள்.

ஆதலின் நம் சங்கத்தார் ஏப்ரல் 14 ஆம் நாளில் ஒரு சிறு செயலை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டு இளைஞர்கள் முன்வந்து, எந்த வீட்டில் நடக்க இயலாத முதியோர் உள்ளனர், எங்கே எரிவாயுச் சிலிண்டர்கள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன, மின்சாரத்தைத் துண்டிக்கும் இடம் எது, மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் உள்ளது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டில் அடைந்து கிடக்கும் பழைய மிதிவண்டியையும் மரப்பெட்டியையும் அகற்ற வேண்டும். 101 என்னும் எண்ணை அழைக்கும்போது, 'தீ' என்று அலறுவதோடு நில்லாமல், எங்கே, எந்த மாடியில், எது எரிகிறது, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லக் குழந்தைகளுக்கும் கற்பிக்க வேண்டும். புகையைக் கண்டால், வேறொருவர் சொல்லியிருப்பார் என்று எண்ணாமல் தாமே சொல்ல வேண்டும். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. ஊர்ப்புறத்தில் நம் முன்னோர் எழுதாமலே அறிந்திருந்தவற்றை நாம் எழுதி அறிகிறோம், அவ்வளவே.

தீயை அணைக்க வருகின்றவன் நம் உறவினன் அல்லன். பெரும்பாலும் நம் மொழி பேசுகின்றவனும் அல்லன். மராத்தி பேசும் ஒரு தாயின் மகன், நம் வீட்டுப் பிள்ளைக்காகப் புகைக்குள் நுழைகிறான். அவனுக்கு நாம் தரக்கூடிய பரிசு மாலையன்று, பொற்கிழியன்று. உள்ளே என்ன இருக்கிறது என்ற உண்மை. அதைச் சொல்லாமல் விட்டவர்களின் கடனை 1944 இல் 66 பேர் தம் உயிரால் தீர்த்தனர். அந்தக் கடன் நம் குடியிருப்பில் மீண்டும் ஏறாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் சித்திரை வணக்கமாகும்.